வலசைக் கணக்கு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பத்தாண்டுகளாக இந்த வட்டத்தின் கூட்டங்களில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுப் பழகியவன் நான். விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது, கவிஞர்கள் கூடும் அவையில் கணக்கு ஆசிரியனுக்கு என்ன வேலை என்று தயங்கினேன். "தெரிந்ததைச் சொல்லுங்கள், போதும்" என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று பள்ளிக்கூடத்துக் கணக்கு. மற்றொன்று நான் பல்லாண்டுகள் பணியாற்றிய பழவேற்காட்டு ஏரிக்கரை. இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் உடைந்த கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நம் பாட்டிமார் சொன்ன கொக்குக் கணக்கு உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வானில் ஒரு கொக்குக் கூட்டம் பறக்கிறது. மரத்தில் தனித்திருந்த கொக்கு, "நூறு பேரும் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்கிறது. "நாங்கள் நூறு பேர் அல்லோம். நாங்களும், எங்களத்தனை பேரும், எங்களில் பாதியும், பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால்தான் நூறு" என்கிறது கூட்டம். விடை முப்பத்தாறு. முப்பத்தாறு, இன்னொரு முப்பத்தாறு, பதினெட்டு, ஒன்பது, ஒன்று, கூட்டினால் நூறு. எழுத்தறியாத பாட்டிகள் இயற்கணிதச் சமன்பாடு ஒன்றைப் பேரப்பிள்ளைகளுக்குச் சோற்றுடன் பிசைந்து ஊட்டியிருக்கிறார்கள். இதைவிடச் சிறந்த கணக்கு நூல் ஏது என்று நான் வியந்ததுண்டு.

அந்த வியப்பில்தான் ஒருநாள் எட்டாம் வகுப்பில் நானே ஒரு பறவைக் கணக்குப் போட்டேன். பழவேற்காட்டு ஏரிக்கு ஆண்டுதோறும் பதினைந்தாயிரம் அளவில் பூநாரைகள் வருவதாக நூல்கள் சொல்லும். அதை எடுத்துக்கொண்டு, "நாள் ஒன்றுக்கு 250 பூநாரைகள் வீதம் வந்தால் 15,000 பூநாரைகள் வந்து சேர எத்தனை நாள் ஆகும்?" என்று கரும்பலகையில் எழுதினேன். அறுபது நாள் என்ற விடை உடனே வந்தது. கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் சிரித்தான். கேட்டேன்.

"அப்படி வராது சார். மழைத் தண்ணி நிறைஞ்சு கிடந்தா இந்தப் பக்கம் எட்டியே பார்க்காது. தண்ணி வடிஞ்சு சேத்துல கால் ஊன்ற அளவுக்கு ஆனாத்தான் இறங்கும். இறங்குனா ஒரே ராத்திரியில ஏரி வெள்ளையாயிடும். உங்க கணக்குல தண்ணியே இல்லையே?"

நண்பர்களே, முப்பதாண்டு ஆசிரியப் பணியில் என் கணக்கைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த திறனாய்வு அதுதான். பாட்டியின் கொக்குகள் கற்பனைக் கொக்குகள்; நான்கால் மீதியின்றி வகுபடும் எண்ணிக்கையில்தான் அவை பறக்கும். அவற்றை எவரும் ஏரியில் தேடுவதில்லை. என் பூநாரைகளோ உண்மைப் பறவையின் பெயரைத் தாங்கிய பொய்ப் பறவைகள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி ஆண்டு முடியும்வரை ஏரியை நிரப்பும். ஆரணியாறு தெற்கிலிருந்தும் காளங்கி வடமேற்கிலிருந்தும் நன்னீர் கொணரும். கடல்முகத்துவாரம் திறந்திருந்தால் உப்புநீர் புகும். நீரின் ஆழத்தையும் உப்பையும் சேற்றையும் பார்த்தே பறவை இறங்குகிறது. இவை அனைத்தையும் அந்தப் பையன் அறிவான். அறிந்தவனைப் பார்த்து, 'அதையெல்லாம் மறந்துவிட்டு வகுத்தல் மட்டும் செய்' என்று நான் சொல்லியிருக்கிறேன். கணக்கில் அவன் பின்தங்கியவன் என்று முன்னேற்ற அட்டையில் எழுதியவனும் நானே.

அதன் பிறகு, வலசைப் பறவைகளைப் பற்றி உண்மையாகவே எண்ணிப் பதிந்த எண்களைக் கொண்டு மட்டும் கணக்குச் சொல்லித்தருவது என்று சில ஆண்டுகள் முயன்றேன். அப்படிப்பட்ட எண்களுக்குப் பஞ்சமில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் சனவரித் திங்களில் நடைபெறுகிறது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பறவைகளின் காலில் வளையமிட்டு விடுத்து நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வலசைப் பறவையும் ஒவ்வோர் ஊரிலும் முதலில் கண்ணில் பட்ட நாளைப் பொதுமக்களே பதிவுசெய்யும் ஒரு திட்டம் 2007இல் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் தொடங்கியது. நம் தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையிலேயே பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் 1990களிலிருந்தே வண்ணத்துப்பூச்சியின் வலசையை ஊர் ஊராகக் குறித்து அனுப்பி வருகிறார்கள். நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

ஆயினும் பிறர் எண்ணிய எண்ணைக் கையாளும் முன் தாமே ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. ஒரு சனிக்கிழமை விடியலில் ஐந்து பிள்ளைகளை ஏரிக்கரையில் நிறுத்தி, எதிரே நின்ற ஒரு பூநாரைக் கூட்டத்தை மதிப்பிடச் சொன்னேன். முறை எளியது. முதலில் பத்துப் பறவைகளை ஒன்றொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்பதைக் கண்ணில் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னர் அந்த அளவைக் கூட்டத்தின்மீது திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். துணிக்கடையில் முழம் போடுவது போன்றதுதான். நினைவிலிருந்து சொல்கிறேன்: 340, 400, 410, 450 என்று நால்வர் சொன்னார்கள். ஐந்தாமவன் 1,200 என்றான். சராசரி கண்டால் 560. ஐவரில் நால்வர் சொன்னது சராசரிக்கும் கீழே இருக்கிறது! ஒருவனுடைய ஆரவாரம் நால்வருடைய நிதானத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 410. கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் புள்ளி வைத்து எண்ணினோம். 410க்குப் பக்கத்தில்தான் வந்தது. சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வேறுபாட்டை இருபது ஆண்டுகள் நான் வரையறையாகச் சொல்லி வந்தேன். அன்றைக்கு அது அவர்கள் கண்முன்னே நின்றது. இதிலே கவிஞர்களுக்கும் ஏதோ செய்தி இருக்கக்கூடும். நான் அதற்குள் போகவில்லை.

கண்ணால் காணாததை அளந்து சொல்லும் இந்தக் கலை நமக்குப் புதிதும் அன்று. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் எண்ணிக்கையைச் சொல்ல வழி கூறுகிறது கணக்கதிகாரம். காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பிள்ளைகள் பழம் வாங்கிவரச் சொல்லி வற்புறுத்தினார்கள், வாங்கினோம், விடை தவறியது. எத்தனை பழம் அறுத்துப் பார்த்தால் இவ்விதியை நம்பலாம் என்று ஒரு பெண் கேட்டாள். புள்ளியியல் என்னும் துறையே அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. (பழத்தின் விலை கருதி ஆய்வை அத்துடன் நிறுத்தினோம்.)

பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1945இல் கச்சின் பெரும் உவர்வெளிக்குச் சென்று அங்கிருந்த பூநாரைக் குடியிருப்பைக் கண்டார். மண்ணைக் குவித்துக் கட்டிய கூடுகள் ஓர் இலட்சத்துக்கு மேல், பறவைகள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் என்று அவர் மதிப்பிட்டார். நம் ஏரிக்கு வரும் பூநாரைகளுக்கு அந்த உவர்வெளியே தாய்வீடு என்று கருதப்படுகிறது. அப்படியானால் அது இங்கிருந்து எவ்வளவு தொலைவு?

பழவேற்காடு ஏறக்குறைய 13.4 பாகை வடக்கு, 80.3 பாகை கிழக்கு. கச்சு உவர்வெளியை 24, 70 என்று கொண்டோம். வடக்கு நோக்கி 10.6 பாகை, பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் 1,177 கிலோமீட்டர். மேற்கு நோக்கி 10.3 பாகை, அதையும் 111ஆல் பெருக்கி, பிதாகரசு தேற்றத்தைக் கொண்டு கர்ணம் கண்டார்கள். 1,641 வந்தது. "கிழக்கு மேற்கிலும் பாகைக்கு 111தானா?" என்று கேட்டு, ஒரு பூகோள உருண்டையைக் கொடுத்தேன். நூல் வைத்து அளந்தார்கள். வடக்கே போகப் போக அட்சக்கோட்டு வட்டங்கள் சுருங்குவதைக் கண்டார்கள். நம் அட்சத்துக்கும் கச்சின் அட்சத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் பாகைக்கு 105 கிலோமீட்டர்தான் தேறும். திருத்திப் போட்டால் 1,600க்குச் சற்றுக் குறைவு. நாற்பது கிலோமீட்டர் வேறுபாடு! பூமி உருண்டை என்று ஒன்றாம் வகுப்பு முதல் ஒப்பித்தவர்கள், ஒரு பறவையின் பாதையில் நாற்பது கிலோமீட்டர் தொலைந்துபோனபோதுதான் அதை நம்பினார்கள். தேர்வுத்தாளில் இது ஐந்து மதிப்பெண்கூடப் பெறாது. எனக்கோ என் பணிக்காலத்தின் மிக இன்பமான வாரம் அதுவே.

பறவையின் வேகத்துக்கு வேறொரு பதிவை எடுத்துக்கொண்டோம். பட்டைவால் மூக்கன் என்றொரு கரைப்பறவை உண்டு. அதன் உறவினனாகிய கருவால் மூக்கன் நம் ஏரிக்கும் வருவான். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு பட்டைவால் மூக்கன், முதுகில் சிறு கருவியுடன் அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, எங்கும் இறங்காமல் 11 நாளும் 1 மணியும் பறந்து 13,560 கிலோமீட்டர் கடந்து தாஸ்மேனியாவில் இறங்கியது. 265 மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 51 கிலோமீட்டர். "நம்ம பொன்னேரி பஸ்ஸைவிட வேகம் சார்" என்றார்கள். அதுவும் உண்மை.

இங்கே உங்கள் துறைக்குள் ஓரடி வைக்கிறேன், பொறுத்தருள வேண்டும். புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையார், குமரித் துறையில் மேய்ந்து வடமலைக்குச் செல்லும் அன்னச்சேவலை, இடைவழியில் உறையூரில் கோப்பெருஞ்சோழனின் மாடத்தில் தங்கிச் செல்லுமாறு வேண்டுகிறார். குமரியிலிருந்து உறையூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 330 கிலோமீட்டர். மூக்கனின் வேகத்தில் ஆறரை மணி நேரம். காலையில் மேய்ந்து புறப்பட்ட பறவை பொழுது சாய்வதற்குள் உறையூர் சேரும். இரவு தங்க அதுவே தக்க இடம். புலவர் தம் நண்பனுக்காக ஊரைத் தேர்ந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் பறவையும் அதற்கு இணங்கக்கூடியதாகவே இருக்கிறது. அந்த அன்னம் எது என்பதை அறிஞர்கள் முடிவுசெய்யட்டும். நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கு இன்றும் குளிர்காலத்தில் வந்து, கோடையில் இமயத்தைக் கடந்து திரும்பும் வரித்தலை வாத்து ஏழாயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில் பறந்ததைக் கருவிகள் பதிந்திருக்கின்றன. வடமலை என்று புலவர் சொன்னதைக் கற்பனை என்று நான் இனி வகுப்பில் சொல்லமாட்டேன்.

இனி ஏரிக்குத் திரும்புவோம். வலசை என்ற சொல்லுக்கு அகராதியில் பார்த்தால், மக்கள் அச்சத்தால் ஊரைவிட்டு வேற்றூருக்குக் குடிபெயர்தல் என்ற பொருள் இருக்கிறது. பறவைக்கு நாம் வழங்குவது மனிதர் பட்ட பாட்டைக் குறித்த சொல். பழவேற்காட்டில் இதற்கு அகராதி தேவையில்லை. 1969இல் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபரில் முதல் ஆய்வு ராக்கெட் பறந்தது. அத்தீவிலிருந்து பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் சில ஏரியின் தென்கரைக் குப்பங்களில் வந்து அமர்ந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள்.

அக்கரைக்கே உரிய ஒரு கணக்கும் உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இறால் இடங்களில் சுத்துவலை கட்டும் உரிமை, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களுக்குள் முறைவைத்துச் சுழலும். ஊருக்குள் தலைக்கட்டுகளுக்கிடையே மீண்டும் சுழலும். மூன்று ஊர், ஓர் ஊருக்குள் ஏழு குழு என்று வைத்துக்கொண்டால், ஒரு குழுவுக்கு இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை அந்த இடம் கிட்டும். மீச்சிறு பொதுமடங்கு என்று நான் சொன்னபோது விழித்த பிள்ளைகள், அப்பாவின் முறை எந்தக் கிழமையில் வரும் என்பதை விரல்விட்டுச் சொன்னார்கள். வகுக்கும் எண் பெருகினால் ஈவு சுருங்கும் என்பதைப் பங்காளி கூடினால் முறை தள்ளிப்போகும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். பின்னால் வந்து குடியேறியவர்களுக்குப் பாட்டில் இடமுண்டா என்ற கேள்வியால் அந்த ஏரியில் பல பூசல்கள் நேர்ந்தன. அதே வகுப்பறையில் இரு தரப்புப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கையில் அந்த வகுத்தலைக் கரும்பலகையில் எழுத என் கை தயங்கியது. எழுதாமலே விட்டேன். சரியா தவறா என்று இன்றும் தெரியவில்லை.

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005ஐ ஒட்டி வந்த ஐந்தாம் வகுப்புக் கணித நூலின் முதற்பாடமே மீனவரைப் பற்றியதாக அமைந்திருந்தது. கட்டுமரத்தின் வேகம், படகின் மீன்பாடு, மீன் உலர்த்தும் பெண்கள் வாங்கும் கடன் என்று கணக்குகள் வந்தன. அதை நான் மதிக்கிறேன். மீனவர் கணக்கு நூலுக்குள் காலடி வைத்ததே பெரிது. எனினும் அந்த மீனவர்களுக்கு ஊரில்லை, பருவமில்லை. முகத்துவாரம் தூர்ந்து அடைபட்டால் அவர்கள் எங்கே போவார்கள் என்று அந்தப் பாடம் கேட்பதில்லை.

நான் கேட்டேன். அதனால் நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். பறவை வரவை மாதவாரியாக வரைபடம் வரைந்து சுவரில் ஒட்டிய உற்சாகத்தில், பள்ளியின் பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்து, அதே மாதங்களுக்குப் பிள்ளைகளின் வருகையையும் அதன்மேல் வரையச் சொன்னேன். இரு கோடுகளும் ஒன்றையொன்று பாராதவை போல் ஏறி இறங்கின. இறால் பருவத்தில் பெண்பிள்ளைகளின் வருகை விழுந்தது. தாய்மார் கையால் தடவி இறால் பிடிக்க ஏரிக்குள் இறங்க, தம்பி தங்கையரைக் காக்க மூத்தவள் வீட்டில் நிற்பாள். முகத்துவாரம் அடைபடும் மாதங்களில் பையன்களின் கோடு விழுந்தது. தந்தையர் காசிமேட்டு விசைப்படகுகளுக்குக் கூலிக்குப் போக, சில பையன்களும் உடன் போவார்கள். அருமையான வரைபடம் என்று நான் மகிழ்ந்து நின்றபோது, முன்பு என் கணக்கில் தண்ணீர் இல்லை என்று சிரித்தானே, அவன் எழுந்து வந்து கோட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில் விரல் வைத்தான்.

"இந்தப் பள்ளம் நான்தான் சார்."

அந்தத் தாளை அன்று மாலையே சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். பறவை தன் எண்ணிக்கையைக் கண்டு நாணுவதில்லை. மறுநாள் பிள்ளைகளையே கேட்டேன். பறவைக் கோடு சுவரில் இருக்கட்டும், எங்கள் கோடு பீரோவுக்குள் இருக்கட்டும், ஆனால் கிழித்துவிட வேண்டாம் என்றார்கள். இறால் பருவத்தில் மாலை வகுப்பு வைக்கலாமா என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்க அந்தத் தாள்தான் பயன்பட்டது. சில மாதங்கள் நடத்தினோம்; பிறகு நின்றுபோயிற்று.

உண்மை எண்ணைக் கொண்டு கற்பித்தால் கணக்கு சுவையாக இருக்கும் என்பதற்காக மட்டும் நான் இதை வற்புறுத்தவில்லை. அந்த ஏரியைப் பற்றி எண்கள் பேசிக்கொண்டே இருக்கின்றன. ஏரியின் நீர்ப்பரப்பு 250 சதுர கிலோமீட்டர் என்று ஓரிடத்தில் படிப்போம், 450 என்று மற்றோரிடத்தில் படிப்போம். இரண்டும் பொய்யல்ல, ஒன்று நீர் வற்றிய அளவு, மற்றொன்று பெருகிய அளவு. தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. எல்லை வகுக்கவும், துறைமுகம் விரிக்கவும், முகத்துவாரத்தைத் தூர்வாரவும் அறிக்கைகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் பக்கம் பக்கமாக எண்கள். சூன் மாதத்தில் எண்ணினால் பறவை மிகக் குறைவு என்று எழுதலாம். சனவரியில் எண்ணினால் வானமே வெளுக்கும். கையால் எண்ணிப் பழகிய பிள்ளை, "இதை எந்த மாதம் எண்ணினார்கள்? எங்கே நின்று எண்ணினார்கள்? யார் எண்ணினார்கள்?" என்று கேட்கும். எழுதிக் கொடுத்த எண்ணை வகுக்க மட்டும் பழகிய பிள்ளை அதையும் வகுத்துவிட்டுப் போகும். இந்த வேறுபாட்டை நான் அறிந்தது பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகளே முன்னர் என்பது என் வருத்தம்.

பள்ளத்தில் விரல் வைத்தவன் பத்தாம் வகுப்பை எட்டவில்லை. விசைப்படகுக்குப் போனவன் இப்போது ஊர் திரும்பி வலை கட்டுகிறான். ஏரியில் பெருங்கூட்டம் இறங்கினால் அவனிடமிருந்து எனக்குத் தொலைபேசி வரும். எண் சொல்வான். சொல்லிவிட்டு, "பத்துப் பத்தாத்தான் பார்த்தேன் சார், முன்னப்பின்ன இருக்கும்" என்பான். கடந்த முறை, "தண்ணி முழங்காலுக்குக் கீழ" என்பதையும் சேர்த்தான்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். கடைசியாக ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் கணக்கெடுப்புக்கு வட்டத்தின் கவிஞர்கள் சிலராவது பழவேற்காட்டுக்கு வர வேண்டும். பொன்னேரியிலிருந்து பேருந்து உண்டு. ஆனால் விடியலுக்கு முன்பே கரையில் நிற்க வேண்டுமாகையால் முதல்நாளே வந்து தங்குவது நல்லது. ஒரு குறிப்பேடும் பென்சிலும் போதும். பேனா பனியில் எழுதாது. எண்ணத் தெரியாதே என்று தயங்க வேண்டா. பத்துப் பத்தாக எண்ணக் கற்பிக்க என் பழைய மாணவர்கள் அங்கே இருப்பார்கள்.